ஊரணித் தெருவில் சாயாத பொழுது

கோவில்பட்டி ஊரணித் தெருவில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூரியன் மேற்கே தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் வந்தது, வந்த இடத்தில் நின்றது, நின்றது நின்றபடியே இருந்தது. தெருவே அதை அண்ணாந்து பார்த்தது. பார்த்துவிட்டு, மே மாசத்து வெயில் அப்படித்தான் இழுக்கும் என்று தன் வேலையைப் பார்க்கப் போனது. பக்கத்துச் செக்கடித் தெருவில் முறையாக இருட்டி, நட்சத்திரம் வந்து, சாப்பாடு முடிந்து, டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தும் விட்டார்கள். இரண்டு தெருவுக்கும் நடுவில் முக்கில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் ராத்திரி, கொசு கடிக்கும். ஒரு எட்டு பின்னால் வந்தால் மஞ்சள் வெயில், முதுகில் வேர்க்குரு அரிக்கும்.

காரணம் கேட்டு யாரும் ஜோசியரிடம் ஓடவில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். வேலுத்தாய் இன்னும் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை.

வேலுத்தாய் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் இருந்து ஏற்பட்ட வழக்கம் அது. அவளுக்குத் தொண்டை அப்படி. பொழுது சாயும்போது வாசல் கேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் ஒரு குரல் கொடுத்தால் ஊரணி மேட்டில் கிரிக்கெட் ஆடுகிற பையன் மட்டையைக் கீழே போடுவான், கண்ணாமூச்சியில் ஒளிந்திருக்கிற பிள்ளை தானாக வெளியே வரும், ஆட்டுக்குட்டிகூடத் தொழுவத்துக்குத் திரும்பும். அவள் கூப்பிடுவது அவள் வீட்டுப் பிள்ளைகளைத்தான். ஆனால் அதைக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் அவரவர் வீட்டுக்குள் போய்விடும். அதனால் மற்ற பெண்கள் நாளடைவில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சுகமாக இருந்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. வேலுத்தாய் கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே போகிறவன் தோத்தாங்கோளி. அந்தப் பட்டம் ஒருமுறை விழுந்தால் அடுத்த கோடை லீவு வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பயந்து, கால் முட்டி பெயர்ந்தாலும், ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தாலும், எவனும் முதல் ஆளாக உள்ளே போனது கிடையாது.

லீவு விட்டால் வேலுத்தாய் வீடு வீடாக இருக்காது. மதுரையில் இருந்து நாத்தனார் செல்வராணி தன் மகன் சஞ்சயையும் இரட்டைப் பையன்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓடிவிடுவாள். சாத்தூரில் இருந்து தங்கச்சி தன் மகள் தர்ஷினியையும், இன்னும் பால் மணம் மாறாத சின்னப்பாப்பாவையும் அனுப்பிவைப்பாள். சொந்தத்தில் மூத்தவள் முத்தரசி, இளையவன் கோகுல். இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழே. ஒருத்தன் கேட் கம்பிக்குள் தலையை விட்டு எடுக்க முடியாமல் அலறுவான், அதை எடுக்க நல்லெண்ணெயோடு போனால் எண்ணெய்க் கிண்ணத்தை இன்னொருத்தன் வழுக்குமரத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பான், இரட்டையரில் ஒருத்தன் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவான், மற்றவன் அவனுக்குத் துணையாக வெளியே நின்று அழுவான், டிபன் பாக்ஸைத் திறந்தால் ஓணான் இருக்கும், மாங்கொட்டை தலையணைக்கடியில் இருக்கும், நெற்றியில் வேனல்கட்டி இருக்கும், அதன்மேல் மஞ்சள் பத்து இருக்கும், அந்த மஞ்சள் சுவரெல்லாம் இருக்கும். அடுப்பில் தோசை வேகுமுன் தட்டு காலியாகும். வேலுத்தாய் கத்துவாள், விரட்டுவாள், அகப்பைக் காம்பைத் தூக்குவாள். 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்பாள். மத்தியானம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கால்போட்டுத் தூங்கும்போது மட்டும், மின்விசிறிக்குக் கீழே நின்று, எண்ணுவதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அவளுக்கு அந்த லீவு மாதம் இல்லாவிட்டால் வருஷமே ஓடாது.

அந்த வருஷம் லீவு முடிந்தால் முத்தரசி விடுதிக்குப் போகவேண்டும். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டு முடித்துத்தான் வெளியே வரும் பிள்ளை; நடுவில் வருகிற லீவெல்லாம் ஸ்பெஷல் கிளாஸுக்கே போய்விடும் என்று அங்கே படித்தவர்கள் வீட்டில் சொன்னார்கள். யாரும் வேலுத்தாயைக் கட்டாயப்படுத்தவில்லை. 'எம்பிள்ளை டாக்டராகணும்' என்று ஒற்றைக்காலில் நின்றவளே அவள்தான். புருஷன் சீனிராஜ் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர், அதிகம் பேசமாட்டார், 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டார். பெட்டி வாங்கியாயிற்று, வாளி வாங்கியாயிற்று, துணியெல்லாம் சலவையில் மாறிப்போகாமல் இருக்கச் சிவப்பு நூலில் பேர் தைத்தாயிற்று. திங்கட்கிழமை விடியக்காலம் நல்ல நேரத்தில் கிளம்புவதாக ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் வேலுத்தாய் வழக்கம்போல வாசலுக்கு வந்தாள், கேட்டில் கையை வைத்தாள், வாயைத் திறந்தாள். ஊரணி மேட்டில் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு முத்தரசி ஓடுவது தெரிந்தது. இப்போது கூப்பிட்டால் உள்ளே வந்துவிடுவாள், சாப்பிடுவாள், தூங்குவாள், விடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஆடட்டும் என்று வேலுத்தாய் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

சூரியன் அங்கேயே நின்றது இப்படித்தான்.

முதலில் தெருவுக்குச் சங்கடம்தான். மாடு சாயங்காலப் பாலைச் சுரக்கவில்லை. கோழிகள் கூண்டு வாசலில் நின்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. பூக்கட்டுகிற மாரிக்கனியின் கூடையில் மல்லிகை மொட்டு மொட்டாகவே கிடந்தது. ரம்ஜான் மாசம் வேறு. எதிர்வீட்டுப் பாத்திமுத்து நோன்பாளி. பள்ளிவாசலில் பாங்கு சொல்வது காதில் விழுகிறது, தலைக்கு மேல் வெயில் அடிக்கிறது. பள்ளிவாசலில் பொழுது அடைந்துவிட்டால் உங்களுக்கும் அடைந்த மாதிரிதான் என்று தொழவைக்கிற அஸரத்து சொல்லிவிட்டார். பாத்திமுத்துவுக்கு மனசு ஒப்பவில்லை. "வெயில் மண்டையப் பொளக்கையில பேரீச்சம்பழம் தொண்டைல எறங்குமா?" என்று கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போய், இருட்டில் உட்கார்ந்து நோன்பு திறந்துவிட்டுத் திரும்ப வெயிலுக்கு வந்தாள்.

பிறகு பழகிப்போயிற்று. தூக்கம் வந்த பெரியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு செக்கடித் தெருவில் சொந்தக்காரர் வீட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தார்கள். பதிலுக்குச் செக்கடித் தெருப் பெண்கள் கூழ்வத்தலையும் மிளகாயையும் கொண்டுவந்து இங்கே காயப்போட்டார்கள்; அவர்கள் தெருவில் மழை பெய்தபோதுகூட இங்கே வத்தல் காய்ந்தது. சேமியா ஐஸ்காரர் சைக்கிளை எடுக்கவேயில்லை, முக்கிலேயே நின்றுகொண்டார். அந்த மஞ்சள் வெயிலில் கறுத்த முகமும் களையாகத் தெரிகிறது என்று எவனோ ஒரு போட்டோக்காரன் சொல்லிவிட, சாத்தூர், சங்கரன்கோவில் வரையிலிருந்து கல்யாண ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஊரணிக் கரையில் நிற்கவைத்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் வெட்கப்பட்டுக் கையைக் கோத்து நிற்கிற நேரம் பார்த்து நடுவில் இரட்டையர் அம்மணமாக ஓடுவார்கள். அந்த வருஷம் கல்யாணம் ஆன பாதிப்பேர் ஆல்பத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

வேலுத்தாய் மட்டும் குட்டி போட்ட பூனையாக வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்தாள். பொழுது சாயாததால் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பசி தீரவில்லை. சுண்டல் அவித்தாள், தீர்ந்தது. பணியாரம் ஊற்றினாள், தீர்ந்தது. முறுக்கு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். கூப்பிடலாம் என்று வாசல் வரைக்கும் வருவாள், இன்னும் ஒரு பாவாடைக்குப் பேர் தைக்கவில்லையே என்று திரும்புவாள். உட்கார்ந்தால் எழுவாள், எழுந்தால் உட்காருவாள்.

மதுரையில் இருந்து செல்வராணி போன் பண்ணினாள். "என்ன மதினி, பிள்ளைகள எப்ப அனுப்புறீக? இங்க பள்ளிக்கூடம் தொறக்கப்போறாக."

"பொழுது சாஞ்சதும் அனுப்பிருறேன்."

"சரி சரி, மெதுவா சாயட்டும், ஒண்ணும் அவசரமில்ல. வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்று செல்வராணி சந்தோஷமாக போனை வைத்தாள்.

டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் திங்கள் போய், செவ்வாய் போய், தினசரி காலண்டரில் தாள் மேல் தாளாகக் கிழிந்தது. சீனிராஜ் வேலைக்குப் போகும்போது ஒரு கிழமையிலும் வீட்டுக்கு வரும்போது ஒரு கிழமையிலும் இருந்தார். ஒருநாள் கையில் போனோடு வந்து நின்றார்.

"நாமக்கல்ல இருந்து பேசினாக. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா சீட்ட வேற பிள்ளைக்குக் குடுத்துருவாகளாம். வெளிய இன்னைக்கு வியாழக்கிழமை."

"வெளிய என்ன கிழமையோ இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் வேலுத்தாய். "நம்ம வீட்டுல இன்னும் ஞாயித்துக்கிழமைதான். மத்தியானம் வச்ச கறிக்குழம்பு இன்னும் ஊசல, மோந்து பாருங்க. நாள் முடியாம எப்படிப் பிள்ளைய அனுப்ப? விடியக்காலம் நல்ல நேரத்துல கெளம்பணும்னு நீங்கதான சொன்னீக? எங்க விடிஞ்சது?"

நல்ல நேரம் பார்க்காமல் செருப்புக்கூட வாங்காத மனுஷன் சீனிராஜ். சட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். குழம்பு அப்போதுதான் இறக்கிய மாதிரி இருந்தது. நாமே கூப்பிட்டால் என்ன என்று வாசலில் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏ பிள்ளைகளா, உள்ள வாங்க" என்றார். பிள்ளைகள் நின்று பார்த்தன, விழுந்து விழுந்து சிரித்தன, ஆட்டத்துக்குத் திரும்பின. சூரியன் ஒரு நகம் அளவுக்கு இறங்கிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது.

வார்டு கவுன்சிலர் விஷயத்தைக் கையில் எடுத்தார். சஞ்சய் போனில் அத்தையின் குரலைக் கேலிக்காகப் பதிவு செய்து வைத்திருப்பது தெரிந்து, அதை மைக்கில் போடச் சொன்னார். ஆட்டோ வந்தது, ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள், வேலுத்தாயின் குரல் கரகரவென்று தெரு முழுக்கக் கேட்டது. அதன் முடிவில் இரட்டையரின் சிரிப்பும் ஒரு சோடா ஏப்பமும் சேர்ந்து பதிவாகியிருந்தன. அதைக் கேட்கப் பிள்ளைகள் மறுபடி மறுபடி போடச் சொல்லி ஆட்டோவைச் சுற்றி ஆடின. கவுன்சிலர் மேலிடத்தில் பேசுவதாகச் சொல்லிவிட்டு டிரான்ஸ்பார்மரைத் தாண்டி ராத்திரிக்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் தெருவில் இரண்டு கட்சி ஆயிற்று. வத்தல் காயப்போட்டவர்களும் ஐஸ்காரரும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார்கள். மாரிக்கனி மொட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் வைத்தாள். "யக்கா, பூ விரிஞ்சாத்தான எனக்குச் சோறு. உங்க வீட்டு ஞாயித்துக்கிழமைக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். வேலுத்தாய் பணியாரம் இரண்டைக் கொடுத்தனுப்பினாள். பாத்திமுத்து வந்தாள். அவளுக்கு ஒளிவுமறைவாகப் பேச வராது.

"ஏ வேலுத்தாயி, பிள்ளைய அனுப்பப் பயந்துக்கிட்டுப் பொழுதப் பிடிச்சு வச்சிருக்க. ஊருக்கே தெரியுது, ஒம் மகளுக்குத் தெரியாதா? நானும் எம்மவன துபாய்க்கு ஏத்திவிட்டவதான். பிளேன் மேல ஏறையில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"தொண்ட கட்டியிருக்குக்கா" என்றாள் வேலுத்தாய்.

"பணியாரத்துக்கு மாவு இல்லேன்னு இப்பத்தான தெரு முக்கு வரைக்கும் கேக்கக் கத்துன?"

வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. தெருவைவிட, புருஷனைவிட, மகளுக்குத் தெரிந்திருக்குமோ என்பதுதான் அவளைச் சுட்டது.

பிள்ளைகள் பக்கம் ஆட்டம் கெட்டுக்கொண்டிருந்தது. தெரிந்த ஆட்டம் எல்லாம் ஆடி முடித்துவிட்டார்கள். கிரிக்கெட்டில் எல்லாரும் எல்லாரையும் அவுட்டாக்கிவிட்டார்கள். ஒளிவதற்கு இடம் பாக்கி இல்லை, எங்கே ஒளிந்தாலும் முன்பே ஒருத்தன் ஒளிந்த இடம். சஞ்சய் கோகுலை அடித்தான், கோகுல் தர்ஷினியின் சடையைப் பிடித்து இழுத்தான், தர்ஷினி காரணமே இல்லாமல் மண்ணில் உட்கார்ந்து ஊளையிட்டாள். எல்லாருக்கும் கண் எரிந்தது, கால் கடுத்தது, உள்ளே போய் விழுந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் கூப்பிடவில்லையே. முதலில் போகிறவன் தோத்தாங்கோளி ஆயிற்றே. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தள்ளாடிக்கொண்டு, ஓடினார்கள். ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, சிரிக்கிற சத்தம் நின்றுபோய் ரொம்ப நேரமாயிற்று. அடுப்படியில் நின்ற வேலுத்தாய்க்கு அது கேட்டது. கேட்டும் அவள் கரண்டியை வைக்கவில்லை.

சின்னப்பாப்பாவுக்குத்தான் தாங்க முடியவில்லை. தோள் மாற்றித் தோள் போட்டுத் தட்டினார்கள், வேட்டியில் தூளி கட்டி ஆட்டினார்கள், சீனிராஜ் டிரான்ஸ்பார்மரைத் தாண்டி இருட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் உலாத்தினார். இருட்டில் அது இன்னும் வீறிட்டு, ஆட்டம் நடக்கிற பக்கமே கையை நீட்டியது. அண்ணன்களும் அக்காள்களும் வெளியே நிற்கிறபோது அது எப்படித் தூங்கும்? கண் இரண்டும் சிவந்து, உடம்பு கொதித்து, கடைசியில் அழுவதற்குக்கூடக் குரல் எழும்பாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

முத்தரசி அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்தானே.

"அம்மா, தண்ணி."

வேலுத்தாய் செம்பில் கொண்டுவந்தாள். முத்தரசி பாப்பாவுக்குக் கொஞ்சம் புகட்டிவிட்டு, முந்தானை இல்லாததால் தன் பாவாடையில் அதன் வாயைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை அண்ணாந்து குடித்தாள். குடிக்கும்போது கழுத்தில் மண்ணும் வேர்வையும் கோடு கோடாக இறங்கியது. குளிப்பாட்டிவிட வேண்டும் என்று வேலுத்தாய் நினைத்தாள். அங்கே யார் இந்தக் கழுத்தைத் தேய்த்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

"நீ கூப்பிட மாட்டியாம்மா?"

"தொண்ட சரியில்ல தாயி. செத்த நேரம் போகட்டும். நீ போய் ஆடு."

"ஆடியாச்சும்மா" என்றாள் முத்தரசி. பிறகு செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கூப்பிடாம இருந்தப்ப எனக்கு முதல்ல சந்தோஷமாத்தாம்மா இருந்துச்சு. ஆனா பாப்பா தூங்கணும்ல."

வேலுத்தாய் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பொய்யாகச் சொன்னது மெய்யாகி, தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது. கையை நீட்டிப் பாப்பாவை வாங்கத்தான் முடிந்தது அவளால்.

முத்தரசி கேட்டின் மேல் ஒரு கையை வைத்தாள். பாவாடைச் செருகலை அவிழ்த்துவிட்டாள். ஊரணி மேட்டைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு குரல் கொடுத்தாள்.

"விளக்கு வச்சாச்சு... ஏ கோகுலு, ஏ சஞ்சயி, ஏ ரெட்டைக்குட்டிகளா, ஏட்டி தர்ஷினி, ஆடுனது போதும், எல்லாரும் உள்ள வாங்க..."

இழுப்பு அதே இழுப்பு, குரல் அதே குரல். எதிர்வீட்டில் பாத்திமுத்து, வேலுத்தாய்தான் ஒருவழியாகக் கூப்பிட்டுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு கஞ்சியை இறக்கினாள். மட்டை கீழே விழுகிற சத்தம் கேட்டது. ஒளிந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சஞ்சயும் கோகுலும் ஒருத்தன் தோளில் ஒருத்தன் கையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், இரட்டையர் கண்ணை மூடிக்கொண்டே நடந்து வந்தார்கள், தர்ஷினி செருப்பை மேட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். தெருவில் கதவு கதவாகத் திறந்து மூடியது. சூரியன் தண்ணித்தொட்டியைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கியது, அத்தனை நாள் நின்ற அலுப்பில் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரிக்கனி கூடையில் ஒரே மூச்சில் பூ விரிந்து தெருவெல்லாம் மணத்தது. கொசு வந்தது. வேலுத்தாயின் தோளில் பாப்பா வாயைப் பிளந்தபடி தூங்கிப்போயிற்று.

இருட்டில் வேலுத்தாய் அப்படியே நின்றாள். உள்ளே பிள்ளைகள் தட்டுக்குச் சண்டை போடுவது கேட்டது. சீனிராஜ் சட்டியைத் திறந்துவிட்டு, "குழம்பு ஊசிருச்சே. விடிஞ்சா வெள்ளிக்கிழமை" என்றது கேட்டது. முத்தரசி அதட்டுவதும், தயிரை எடுத்து வைப்பதும், யாரையோ கை கழுவ விரட்டுவதும் கேட்டது. வேலுத்தாய் எப்போதும் கூப்பிடுகிற கூப்பாட்டில் எல்லார் பேரும் முடிந்த பிறகு கடைசியாக மூத்தவளுக்கென்று ஒரு வார்த்தை இருக்கும்: ஏட்டி முத்து, நீயும் வா. இன்றைக்கு அந்த இடம் காலியாகப் போனது அவளுக்கு நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகாமல் நிற்கிறவரைக்கும் நாள் முடியாது என்று அவள் இன்னமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படி ஜன்னலில் முத்தரசியின் தலை தெரிந்தது.

"அம்மா, நீயும் வா!"

வேலுத்தாய்க்கு நிற்க முடியவில்லை. அந்தத் தெருவில் அந்தக் குரல் கூப்பிட்டு உள்ளே போகாதவர் கிடையாது. அவள் பாப்பாவின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.